வெள்ளகவிக்குப் பெண் கொடுக்கலாமா? ரோடு இல்லாத ஊர், விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்

தேனிக்கரையான்
25 ஆகஸ்ட் 2019, இரவு 9.12

வணக்கம். இவ்வளவு நாளாக மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போகிறவன்தான். முதல்முறையாக ஒரு கேள்வியோடு வருகிறேன். கொஞ்சம் வீட்டு விஷயம்.

என் தங்கைக்கு வயது 24. பி.காம். முடித்துவிட்டுப் பெரியகுளத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். தூரத்துச் சொந்தத்தில் ஒரு வரன் வந்திருக்கிறது. பையனுக்கு 29. திருப்பூரில் ஆறு வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங்கில் இருந்தவர், அப்பா தவறியதும் ஊருக்கே திரும்பிவிட்டார். மூன்றரை ஏக்கரில் காபியும் மிளகும், கொஞ்சம் பட்டர் ஃப்ரூட். இரண்டு குதிரை. குடி கிடையாது என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொல்கிறார்கள்.

சிக்கல் ஊர்தான். வெள்ளகவி. கொடைக்கானல் வட்டக்கானலில் வண்டியை விட்டு இறங்கி, டால்பின் நோஸ் தாண்டிக் காட்டுக்குள் இறங்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் பக்கம் கும்பக்கரையிலிருந்து ஏற வேண்டும். எப்படிப் போனாலும் நடைதான்.

அப்பா "நிலம் இருக்கு, பையன் நல்லவன், அப்புறம் என்ன" என்கிறார். அம்மா "ஆத்திர அவசரத்துக்கு எம்புள்ளையப் பார்க்க நான் எப்படிடா ஏறுவேன்" என்று அழுகிறாள். தங்கை மட்டும் "ஒருவாட்டி போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிறாள். போவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் நல்லது.

காடுசுற்றி
25 ஆகஸ்ட் 2019, இரவு 9.40

சார், யோசிக்கவே வேண்டாம். மூன்று முறை போயிருக்கிறேன். சொர்க்கம். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வீடும் கோயிலும் ஒட்டி ஒட்டி இருக்கும், எது வீட்டுச் சுவர் எது கோயில் சுவர் என்று தெரியாது. ஊரே கோயில் என்பதால்தான் அந்த வழக்கம். ஹாரன் சத்தம் கிடையாது, புகை கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சில்வண்டு மட்டும்தான். உங்கள் தங்கை கொடுத்து வைத்தவர். ரோடு மட்டும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

பஜார் தெரு
25 ஆகஸ்ட் 2019, இரவு 9.47

நீங்க ரெண்டு நாள் இருந்துட்டு வந்தீங்க. அந்தப் பொண்ணு அறுபது வருஷம் இருக்கணும்.

மலைக்குருவி
25 ஆகஸ்ட் 2019, இரவு 11.05

தம்பி, நான் 2000 தை மாசம் அந்த மலைக்கு வாக்கப்பட்டுப் போனவள். இப்போது பிள்ளைகள் படிப்புக்காகப் பெரியகுளத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரர் மேலேதான். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

முதலில் ஒன்று. சீர் கொடுக்கிறேன் என்று பீரோ வாங்கிவிடாதீர்கள். என் அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த இரும்பு பீரோ பத்தொன்பது வருடமாகக் கீழே என் அம்மா வீட்டிலேயே நிற்கிறது. கட்டிலைக் கழற்றிக் கொண்டுபோனோம். கிரைண்டரில் கல் தனி, டிரம் தனி, மோட்டார் தனி என்று மூன்று நடை. பீரோவைக் கழற்ற முடியாது, நாலு ஆள் தூக்கினாலும் பாதையின் வளைவில் திரும்பாது. அதற்குள் இன்றைக்கும் என் அம்மாவின் சேலைகள்தான் இருக்கின்றன.

சிரிக்கிறதுக்காகச் சொல்லவில்லை. மேலே எல்லாவற்றுக்கும் எடைதான் கணக்கு. கேஸ் சிலிண்டரில் கேஸ் 14 கிலோ சொச்சம், இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட முப்பது. குதிரைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒன்றை மட்டும் ஏற்றினால் பொதி சாயும், அதனால் பக்கத்து வீட்டில் எப்போது தீரும் என்று பார்த்துத்தான் நம் வீட்டிலும் ஆளை அனுப்ப வேண்டும். சிமெண்ட் 50 கிலோ மூட்டை. மூட்டையின் விலையைவிட அதை வீட்டு வாசலில் இறக்கும் கூலி அதிகம். மணலும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கழிப்பறை கட்டியதற்கு ஆன செலவில் கீழே ஒரு அறையே எழுப்பியிருக்கலாம்.

காபியும் எடைக்கணக்குதான். ஐந்தாறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ கொட்டை. ஈரப்பழத்தைக் குதிரையில் ஏற்றினால் பாதிக் கூலி தண்ணீருக்கும் தோலுக்கும் போய்விடும். அதனால் வாசல், பாறை, மொட்டைமாடி எல்லா இடத்திலும் காயப்போட்டு, எடை இறங்கிய பிறகுதான் கீழே இறக்குவோம். கார்த்திகையில் திடீர் மழை வந்தால் வீட்டில் இருக்கிற போர்வை வரைக்கும் காபி மேல்தான் போகும். பட்டர் ஃப்ரூட்டைக் காயவைக்க முடியாதே. காய் பாரம், பறித்த சில நாளில் குழைந்துவிடும். ஒரு பங்கு விற்போம், ஒரு பங்கு கரடிக்கும் பன்றிக்கும் குரங்குக்கும்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. இறக்கிக் கொண்டுவந்த மூட்டையைத் திரும்ப மேலே ஏற்ற மாட்டோம் என்று வியாபாரிக்குத் தெரியும். அவன் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை கோபத்தில் மூன்று மூட்டை மிளகைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் குதிரைக் கூலியை மிளகு விலையில் எடுக்க மறு வருடம் ஆயிற்று.

பழைய சிஸ்டர்
26 ஆகஸ்ட் 2019, காலை 6.30

மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் பங்குக்கு.

பிரசவத்துக்கு வழி இருக்கிறது, பயப்பட வேண்டாம். மலைக்காரப் பெண்கள் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கீழே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். சில சுகாதார நிலையங்களில் இதற்கென்றே பிரசவ காத்திருப்பு அறை உண்டு. உங்கள் தங்கைக்குப் பெரியகுளத்திலேயே தாய்வீடு இருப்பது பெரிய வசதி. ஐந்தாம் மாத ஸ்கேனைத் தள்ளிப்போடாமல் எடுத்துவிடச் சொல்லுங்கள். மேலே போன பிறகு "அடுத்த வாரம் போகலாம்" என்பது மூன்று மாதம் ஆகிவிடும்.

எனக்குக் கவலை திடீரென்று வருவதுதான். நெஞ்சுவலி, விழுந்து எலும்பு முறிவு, பாம்புக்கடி. 108 ஆம்புலன்ஸ் 2008-ல் வந்தது பெரிய புண்ணியம், ஆனால் அது ரோடு முடிகிற இடத்தில் நிற்கும். அதுவரை டோலி. மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூக்குவார்கள், இல்லாவிட்டால் நாற்காலியைக் கட்டி. நாலு பேர் தூக்க, தோள் மாற்ற இன்னும் நாலு பேர். ஆக ஒரு நோயாளிக்கு எட்டு ஆண்கள் வேண்டும்.

ஊரில் எத்தனை வீடு என்று கேட்காதீர்கள். சாதாரண நாளில், செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, கூப்பிட்ட குரலுக்கு எட்டு ஆண்கள் இருப்பார்களா என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு மலையூரில் பையன்கள் எல்லாம் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் போய்விட்டார்கள். டோலி தூக்கியவர்களில் இருவர் அறுபதைத் தாண்டியவர்கள். பாதி வழியில் தூக்கியவரில் ஒருவருக்கே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

பாம்பு கடித்தால் கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, கடிபட்டவரை நடக்கவிடக் கூடாது. அசையாமல் படுக்க வைத்து டோலியில்தான் இறக்க வேண்டும். இன்னொன்று. நம் ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் குழிவிரியன் வகைகளுக்கு அது கேட்காது. காபித் தோட்டத்தில் களை எடுக்கும்போது முழங்கால் வரை பூட்ஸ் போடச் சொல்லுங்கள். ஊருக்குள் செருப்பு வேண்டாம் என்பது சாமி வழக்கம், சரி. தோட்டம் ஊருக்கு வெளியேதானே இருக்கிறது.

காடுசுற்றி
26 ஆகஸ்ட் 2019, காலை 10.15

நான் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. மக்கள் கஷ்டப்பட வேண்டும் என்று யார் சொன்னது? ஆனால் ரோடு போட்டால் முதலில் வருவது ஆம்புலன்ஸா? வட்டக்கானலைப் பாருங்கள். இருபது வருடம் முன்னால் பார்த்தவர்களைக் கேளுங்கள். இன்றைக்கு வளைவுக்கு வளைவு தங்கும் விடுதி, ஓடையில் தண்ணீர் பாட்டில். வெள்ளகவிக்கு ஜீப் போகிற அன்றைக்கே நிலம் வாங்க ஆள் போய்விடுவான். ஐந்து வருடத்தில் அந்த மூன்றரை ஏக்கரை விற்றுவிட்டு, அதே நிலத்தில் எவனோ கட்டிய ரிசார்ட்டில் வாட்ச்மேன் ஆகிவிடுவார்கள். போன வருடம் மார்ச் 11 குரங்கணித் தீயை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? காட்டுக்குள் கூட்டம் போனால் என்ன ஆகும் என்று அன்றைக்குப் பார்த்தோமே.

பஜார் தெரு
26 ஆகஸ்ட் 2019, காலை 10.31

குரங்கணியில மாட்டுனது மலையேறப் போனவங்க. ஊர்க்காரங்க இல்ல. அதுக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கொல்லிமலைக்காரி
26 ஆகஸ்ட் 2019, பிற்பகல் 1.20

ரோடு வந்த மலையிலிருந்து ஒரு குரல். எங்கள் மலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ரோடு. லாரி ஏறும் என்று ஆனதும் என்ன நடந்தது என்று சொல்கிறேன், இரண்டு தரப்புக்கும் பிடிக்காது.

என் பாட்டி காலத்தில் சாமை, தினை, கேழ்வரகு. பல ஊரில் அதெல்லாம் சுருங்கி மரவள்ளி ஆகிவிட்டது. கீழே ராசிபுரம், சேலம் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள். கிழங்கு அழுகும் பண்டம், லாரி வந்தால்தான் விற்கும். லாரி வந்தது, விற்றது, எல்லோரும் போட்டார்கள். இன்றைக்கு அரிசியும் ரேஷன், மளிகையும் கடை. காடுசுற்றி இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா" என்பார்.

பொறுங்கள். சாமையை யார் குத்தினார்கள் என்று யாராவது கேட்டீர்களா? தோல் கெட்டியான தானியம். விடியற்காலை நாலு மணிக்கு என் பாட்டி உரலில் குத்தத் தொடங்கினால் அன்றைய ராத்திரிச் சோற்றுக்கு ஆகும். உலக்கை பிடித்துப் பிடித்து அவர் உள்ளங்கையில் ரேகையே இருக்காது. மரவள்ளி வந்ததால் சாமை போனது என்று ஆய்வுக்கு வருகிறவர்கள் எழுதுகிறார்கள். உலக்கையைக் கீழே வைக்கக் கிடைத்த முதல் சாக்கை எங்கள் வீட்டுப் பெண்கள் விடவில்லை, அதையும் எழுத வேண்டும். பிறகு சில ஊர்களில் அரைவை இயந்திரம் வந்ததும் அதே பெண்கள் திரும்பச் சாமை போட்டார்கள். ஆக ரோட்டின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது.

தேனிக்கரையான், உங்கள் தங்கை மாமியார் வீட்டில் இடிக்கிறது, அரைக்கிறது எப்படி என்று ஒரு பார்வை பார்க்கட்டும்.

ஏட்டுப்புலி
26 ஆகஸ்ட் 2019, மாலை 6.44

வரலாறும் சட்டமும் கொஞ்சம்.

பலருக்கு வெள்ளகவி என்றால் நாகரிகம் எட்டாத ஊர் என்று நினைப்பு. 1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற சர்வே அதிகாரி இந்த மலையை அளக்க வந்தபோது வெள்ளகவியில் தங்கி, அங்கிருந்துதான் இன்றைய கொடைக்கானல் இருக்கும் இடத்துக்கு ஏறினார். அப்போது கொடைக்கானல் என்று ஒரு நகரமே கிடையாது. அமெரிக்க மிஷனரிகள் அங்கே முதல் பங்களா கட்டியது 1845-ல். பெரியகுளம் பக்கமிருந்து ஏறிய நடைபாதைகள்தான் அன்றைக்கு மலைக்கு வாசல், துரைமார்களே நாற்காலியில் உட்கார்ந்து ஆள் தூக்கித்தான் போனார்கள். டோலி அன்றைக்கு துரைமாருக்கு, இன்றைக்கு நோயாளிக்கு. பிறகு 1910-களில் வத்தலக்குண்டு பக்கம் மலைச்சாலை முடிந்து மோட்டார் ஏறியதும் இந்தப் பக்கத்துப் பாதைகள் அனாதையாகிவிட்டன. வெள்ளகவி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரோடு வேறு பக்கம் போய்விட்டது.

இனி சட்டம். "வனத்துறை விடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ல் காட்டு ஊர்களுக்குப் பள்ளி, சுகாதார நிலையம், குடிநீர், ரோடு உட்பட 13 வகை வேலைகளுக்கு வழி இருக்கிறது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போடுங்கள். ஒரு ஹெக்டேர் பத்தாயிரம் சதுர மீட்டர். மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு ஜீப் பாதை என்றால் மூன்றே கால் கிலோமீட்டர் சொச்சத்தில் ஹெக்டேர் தீர்ந்துவிடும். அதற்கு மேல் நீளமானால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம், அதன் கோப்பு, மாற்று நிலம், மாற்று மரம். பழனி மலைக்காட்டில் பெரும்பகுதி 2013-ல் வனவிலங்குச் சரணாலயம் வேறு ஆகிவிட்டது. யாரும் வில்லன் இல்லை, ஆனால் கோப்பு நகராது. எந்தத் தேர்தலில் யார் வாக்குக் கொடுத்தாலும் மூன்று மீட்டர் கணக்கை அவரிடம் கேளுங்கள்.

தேர்தல் என்றதும் நினைவு வருகிறது. வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் வெள்ளகவிக்குப் போகும் படம் ஒவ்வொரு தேர்தலுக்கும் பத்திரிகையில் வரும். ராசிபுரம் பக்கம் போதமலைக்குத் தலைச்சுமையாகப் போகும். ஓட்டுப்பெட்டிக்குக் குதிரைக் கூலி அரசாங்கம் தருகிறது. சிலிண்டருக்கு?

ஜவ்வாது வாத்தியார்
26 ஆகஸ்ட் 2019, இரவு 8.10

ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு மலைப்பள்ளியில் பதினோரு வருடம். கல்யாணம் என்றால் குழந்தைகள் படிப்பு வரும், அதை யாரும் சொல்லவில்லையே.

மலையூர்களில் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாவதுக்கு ஹாஸ்டல். பத்து, பதினோரு வயதில் பிள்ளையைப் பெட்டியோடு அனுப்ப வேண்டும். ஜூன் மாதம் முதல் இரண்டு வாரம் ராத்திரி ஹாஸ்டலில் தூங்க முடியாது, ஒரு குழந்தை அழ ஆரம்பித்தால் வரிசையாக எல்லாம் அழும். போன வருடம் ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கிளம்பி மூன்று மலை தாண்டி வீட்டுக்குப் போய்விட்டான். அவன் அப்பா திங்கட்கிழமை அவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார், கையில் ஒரு கோழியோடு. கோழி எனக்கு, மன்னிப்புக்காக. வாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

ஹாஸ்டல் வேண்டாம் என்றால் அம்மா பிள்ளைகளோடு கீழே வந்து வாடகைக்கு இருப்பாள், அப்பா மேலே தோட்டத்தில். மலைக்குருவி அம்மா அப்படித்தான் இருக்கிறார். இரண்டு அடுப்பு, இரண்டு மளிகைக் கணக்கு.

ஒரு சின்ன எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.3 மீட்டர் அகலக் கண்ணாடி பொருத்திய தொலைநோக்கி, 1986-லிருந்து நட்சத்திரம் பார்க்கிறது. அவ்வளவு பெரிய கண்ணாடி ஒரு கீறல் விழாமல் மேலே வந்திருக்கிறது. அதே மலைத்தொடரில் சில ஊர்களுக்கு நான் கரும்பலகையைத் தலையில் வைத்துக் கொண்டு போயிருக்கிறேன்.

நிர்வாகி
26 ஆகஸ்ட் 2019, இரவு 8.55

ரோடு வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேட்டவர் தங்கை கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார். தனிமனிதத் தாக்குதலாக இருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

மலைக்குருவி
26 ஆகஸ்ட் 2019, இரவு 10.48

நிர்வாகி மன்னிக்கவும், ஒரே ஒரு வரி. எனக்கு ரோடு வேண்டும். தார் ரோடு கேட்கவில்லை, ஜீப் போகிற மண் ரோடு. ரிசார்ட் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் நிலத்தை வெளியாளுக்கு விற்கத் தடை கேட்டுச் சண்டை போடட்டும், நானும் வருகிறேன். அதற்காக என் மாமனாரை டோலியில் வைத்துத்தான் இறக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள்.

தம்பி, போகும்போது பார்க்க வேண்டியது. தண்ணீர் குழாயில் வருகிறதா, ஓடையிலிருந்து ஓஸ் போட்டிருக்கிறார்களா, ஓஸ் என்றால் யானையோ காட்டுமாடோ மிதித்துப் பிய்த்துப் போட்ட அன்றைக்கு யார் போய் மாட்டுகிறார்கள். கழிப்பறை. அடுப்படியில் புகை போக வழி. செல்போன் எந்தப் பாறையில் எடுக்கிறது. மாமியாரின் முழங்கால் (இதைக் கட்டாயம் பாருங்கள், நாளைக்கு உங்கள் தங்கையின் முழங்காலும் அதுதான்).

நல்லதையும் சொல்ல வேண்டும். கஜா புயல் போன வருடம் நவம்பர் 16 அடித்ததே, அன்றைக்குக் கொடைக்கானலுக்கே ரோடு இல்லை. மரம் சாய்ந்து, மண் சரிந்து, கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தார்கள். டவுனில் பால் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை என்று தவித்தார்கள். மேலே எங்கள் வீட்டில் இரண்டு மாத அரிசி, பருப்பு, உப்பு எப்போதும் இருக்கும். பாதையில் மரம் விழுந்து குதிரை தாண்ட முடியவில்லை, அவ்வளவுதான். ஊர் ஆம்பளைகள் அரிவாளோடு போனார்கள், வெட்டி ஒதுக்கினார்கள். யாரும் யாருக்கும் போன் பண்ணவில்லை. அந்த மாதிரி நேரத்தில் அந்த ஊர் மாதிரி ஒரு ஊர் கிடையாது.

பொதிக்குதிரை
27 ஆகஸ்ட் 2019, மாலை 5.32

வணக்கம். இந்தக் கணக்கை இப்போதுதான் தொடங்கினேன். திருப்பூரில் இருக்கும் நண்பன் இந்த இழையை வாட்ஸப்பில் அனுப்பினான். மூன்றரை ஏக்கர், 29 வயது, பனியன் கம்பெனி கட்டிங் என்று படித்ததும் அந்த மாப்பிள்ளை நான்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணே, கோபமில்லை. ஒரு திருத்தம் மட்டும். இரண்டு குதிரை இல்லை, ஒன்றுதான். மூத்ததைப் போன மாதம் விற்றுவிட்டோம், முன்கால் தாங்கி நடந்தது. தரகர் பழைய கணக்கைச் சொல்லியிருக்கிறார்.

சிஸ்டர் கேட்ட கேள்வி என் அடிவயிற்றைப் பிடித்தது. அப்பாவை இறக்கியபோது ஊரில் ஆறு பேர்தான் இருந்தார்கள். நான் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்ததால் ஏழு. கும்பக்கரை வரும்வரை பேசிக்கொண்டுதான் வந்தார். அதனால்தான் திரும்பிப் போகவில்லை. தோட்டத்தின் மேல் ஆசை என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன்.

தண்ணீர் ஓஸ்தான். பிய்ந்தால் நான்தான் மாட்டுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, மறைக்கவில்லை. சிக்னல் இந்தப் பாறையில்தான், இப்போதும் அதன் மேல் உட்கார்ந்துதான் தட்டிக்கொண்டிருக்கிறேன். பனி இறங்குகிறது, போகிறேன். வாங்க, வந்து பாருங்க.

பஜார் தெரு
27 ஆகஸ்ட் 2019, மாலை 5.50

போச்சுடா.

தேனிக்கரையான்
27 ஆகஸ்ட் 2019, இரவு 9.20

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தங்கையிடம் காட்டினேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு சிஸ்டருக்கு மாப்பிள்ளை எழுதிய பதிலை மட்டும் திரும்ப ஒருமுறை படித்தாள். ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு போகிறோம்.

தேனிக்கரையான்
9 செப்டம்பர் 2019, இரவு 10.15

போய்விட்டு வந்தோம். கால் இன்னும் கெஞ்சுகிறது. அப்பா, நான், தங்கை, சித்தப்பா. அம்மா வரவில்லை. வட்டக்கானல் பக்கமாக இறங்கினோம், திரும்பும்போது கும்பக்கரை. ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இறக்கத்தில்தான் முழங்கால் நடுங்குகிறது.

ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றினோம். தங்கை அவள் செருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டாள், சித்தப்பா மரத்தடியில் விட்டார். திரும்பி வரும்போது சித்தப்பாவின் ஒரு செருப்பை நாய் தூக்கிப் போயிருந்தது. கும்பக்கரை வரைக்கும் மாப்பிள்ளையின் ரப்பர் செருப்பு.

வீடு சின்னது, சுத்தம். கழிப்பறை இருக்கிறது. அடுப்படியில் கேஸ், பக்கத்திலேயே விறகடுப்பு, மேலே புகைக்கூடு. மிக்சி இருக்கிறது. அவர் அம்மா காபி போட்டுக் கொடுத்தார். வீட்டிலேயே வறுத்து இடித்த தூள், கருப்பட்டி. அப்பா இரண்டாவது டம்ளர் கேட்டார்.

தங்கை அந்த அம்மாவிடம் கேட்டது ஒரே கேள்விதான். "கடைசியா எப்பங்க கீழ போனீங்க?" அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "உங்க மாமா தவறுனப்ப. மூணு வருசம் இருக்கும்" என்றார். தங்கை வேறு எதுவும் கேட்கவில்லை.

வழியெல்லாம் பேசாமல் இறங்கினாள். பாதி தூரத்தில் நானே கேட்டுவிட்டேன், ரோடுதானே பயமா இருக்கு என்று. "ரோடு இல்லேன்னு ஊருக்கே தெரியும். என் வேலையை என்ன பண்றதுன்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றாள். உண்மைதான். இரண்டு நாளாக இந்த இழையில் சிலிண்டர், சிமெண்ட், பாம்பு, சட்டம் எல்லாம் பேசினோம், அவள் வேலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நான் உட்பட.

அவளே மாப்பிள்ளையிடம் பாறை மேல் நின்று பேசிவிட்டாளாம். மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்குப் போடும் வாரத்தில் ஆபீசுக்குக் கட்டாயம் போக வேண்டும், வேலையை விடமாட்டேன், பறிப்பு நடக்கும் மாதங்களில் மட்டும் லீவு கேட்டு மேலே வந்து நிற்கிறேன், மற்ற நாளில் வாரக்கடைசி. அந்த அம்மாவை டாக்டரிடம் காட்ட முதலில் கீழே கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். நேற்று ராத்திரியே போன் வந்தது. "சரி, ஆனா குதிரைய யாரு பாத்துக்கறதுன்னு மட்டும் முடிவு பண்ணணும்" என்றாராம்.

பெரியவர்கள் தை மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். அம்மா இன்னும் சமாதானமாகவில்லை. ஆனால் இன்று காலை பஜாரில் கேன்வாஸ் ஷூ என்ன விலை என்று விசாரித்திருக்கிறார்.

மலைக்குருவி அக்கா, ஒரு சந்தேகம். தங்கை காலில் ஐந்து அட்டை. எனக்கு ஒன்பது. அதற்கு உப்பா, புகையிலையா?

மலைக்குருவி
9 செப்டம்பர் 2019, இரவு 11.02

புகையிலையைத் தண்ணீரில் ஊறவைத்து சாக்ஸில் தடவிக் காயவைத்துப் போடுங்கள், ஏறாது. ஏறிவிட்டால் உப்பு. பிய்த்து எடுக்காதீர்கள், புண்ணாகி மாதக்கணக்கில் அரிக்கும். மாசி பங்குனி வெயில் காய்ச்சலில் அட்டை ஒன்றுகூட இருக்காது, அம்மாவை அப்போது கூட்டிப் போங்கள்.

பீரோ வாங்கவில்லையே?